செய்ததும் செய்வித்ததும்

கோடை விடுமுறை நம் சமுதாயத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடும் காலம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களில் ஆண்டு முழுவதும் முதியவர் இருவர் மட்டுமே வாழும் வீடுகள் அந்த ஒரு மாதத்தில் நிறைந்துவிடும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் வருவர்; பேரப்பிள்ளைகள் வருவர். இரண்டு நாள் கழிந்ததும் எங்கே போகலாம் என்ற பேச்சு எழும். இளையவர் குளிர்ந்த மலையூர் ஒன்றைச் சொல்வர். முதியவர் ஜினாலயம் ஒன்றைச் சொல்வர். முடிவில் இரண்டும் கலந்த ஒரு பயணம் உருவாகும். அதற்கு யாத்திரை என்று பெயரிட்டுக்கொள்வோம்.

இவ்வாறு கலப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. தரிசனம் முடித்த குழந்தை அருவியில் நனைந்தால் அறம் குறைந்துவிடாது. நாம் இங்கு எடுத்துக்கொள்ள விரும்பும் கேள்வி வேறு. பயணம் புறப்பட்டாலும் நம் நியமங்களை நாம் விடுவதில்லை. இரவில் உண்பதில்லை, வடிகட்டாத நீரைப் பருகுவதில்லை, கிழங்கு வகைகளைத் தொடுவதில்லை. இது பெருமைக்குரியதே. ஆனால் வீட்டில் இருக்கும்போது எளிதாக நடக்கும் இந்த ஒழுக்கங்கள் வழியில் இறங்கியதும் பாரமாகின்றன. அந்தப் பாரத்தைச் சுமப்பவர் யார்?

நம் ஆசாரியர்கள் பயணத்தையே சற்று ஐயத்துடன்தான் நோக்கினர். இல்லறத்தார்க்குரிய பன்னிரண்டு விரதங்களில் ஐந்து அணுவிரதங்களை அடுத்து வரும் குணவிரதங்களுள் முதலாவது திக்விரதம். இன்ன திசையில் இன்ன எல்லைக்கு அப்பால் செல்லேன் என்று வாழ்நாள் முழுமைக்கும் வரையறுத்துக்கொள்வது அது. எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்களுக்கு அவனால் சிறு துன்பமும் நேராது என்பதே அதன் கருத்து. துறவியரோ மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்குகின்றனர். ஈரமண்ணில் பெருகும் சிற்றுயிர்கள் காலடியில் மிதிபடும் என்பதற்காக. ஓர் அடி எடுத்து வைப்பதற்கே இவ்வளவு எண்ணிய மரபில் வந்தவர்கள் நானூறு கிலோமீட்டர் வேனில் செல்வதைப் பற்றிச் சிறிதேனும் எண்ணிப் பார்ப்பது முறையன்றோ?

இங்கே நமக்குக் கைகொடுப்பது மூன்று சொற்கள்: கிருதம், காரிதம், அனுமதம். தான் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல். வினை இம்மூன்று வாயில்களாலும் உயிரை வந்தடையும். உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்வார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் இதற்கு ஒரு கணக்கே உண்டு. ஒரு செயலை எண்ணுதல், அதற்கான கருவிகளைத் திரட்டுதல், அதைத் தொடங்குதல் என மூன்று; மனம், சொல், உடல் என மூன்று; செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று; சினம், செருக்கு, வஞ்சம், பற்று என நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108. செபமாலையில் 108 மணிகள் இருப்பதற்கு நம் பெரியோர் கூறும் விளக்கம் இதுவே. மணியை உருட்டுகிறவர் பலர். அந்த 108இல் 36 செய்விப்பதால் வருபவை, மேலும் 36 உடன்படுவதால் வருபவை என்று எண்ணிப் பார்ப்பவர் சிலர்.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது பாடம் நடத்துவதற்குரிய முதல் விதியாகச் சொல்லித்தரப்பட்டது. காரிதம் என்ற சொல்லைக் கேட்டு விழிக்கும் பிள்ளைக்கும் தன்வினை, பிறவினை தெரியும். உண்டான் என்பது தன்வினை, உண்பித்தான் என்பது பிறவினை. செய்தான், செய்வித்தான். பள்ளிக்கூட இலக்கணத்தில் ஒரு மதிப்பெண் பெறும் இந்த வேறுபாட்டின் மேல்தான் அறநூலின் பெரும்பகுதி நிற்கிறது.

2025ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் குடும்பத்தார் எழுவர் சிரவணபெளகொளாவுக்குச் சென்றுவந்தோம். மகன், மருமகள், பேரன், பேத்தி, எம் நாத்தனார், அவர் மகள், நாம். நாத்தனாருக்கு வயது எழுபத்தெட்டு. விந்தியகிரியின் மீது சுமார் 57 அடி உயரத்தில் ஒரே பாறையில் எழுந்து நிற்கும் பாகுபலி சுவாமியைப் பற்றி நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு மகாமஸ்தகாபிஷேகத்திற்குச் சென்று வந்தோர் உங்களிலும் பலர் இருப்பீர்கள். கூட்டமில்லாத நாளில் சென்றவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு காட்சியைச் சொல்கிறோம். சுவாமியின் திருவடிகளுக்கு இருபுறமும் உள்ள புற்றுப்பாறையில் சில குறுகிய கல்வெட்டு வரிகள் உள்ளன. இச்சிலையைச் சாமுண்டராயர் எடுப்பித்தார் என்பதே அவற்றின் செய்தி. ஒரு வரி கன்னடத்தில். ஒரு வரி மராத்தியில். மற்றொரு வரி தமிழில், கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்து பொறிக்கப்பட்டது. கன்னட நாட்டு மலையுச்சியில், கங்க மன்னரின் அமைச்சரும் படைத்தலைவருமாகிய ஒருவர் எழுப்பிய திருவுருவத்தின் அடியில் நம் மொழி இருக்கிறது என்பதே தமிழ்ச் சமணர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அந்தத் தமிழ் வரியின் வினைச்சொல் 'செய்வித்தான்'.

செய்தான் என்று இல்லை. கன்னடத்திலும் மராத்தியிலும் உள்ளவை கூடப் பிறவினைகளே. 981ஆம் ஆண்டு எனப் பொதுவாகக் குறிக்கப்படும் அந்நாளில் எழுதியவர்கள் இலக்கணம் பிழையாமல் எழுதினர். உளி பிடித்தவர் வேறு, செய்வித்தவர் வேறு. எனினும் சிலையெடுத்த புண்ணியம் சாமுண்டராயருக்கு உண்டு என்பதை ஆயிரம் ஆண்டுகளாக எவரும் மறுத்ததில்லை. செய்விப்பதும் செய்வதைப் போன்றதே என்று நாம் ஏற்றுக்கொண்டிருப்பதால்தான் அது. திருப்பணிக்கு நன்கொடை கொடுத்தவர் பெயரைப் பளிங்கில் பொறிப்பதும் அதே நம்பிக்கையால்தான். அவ்வாறாயின் அந்தக் கணக்குப் புத்தகத்தின் மறுபக்கத்தையும் நாம் ஏற்றாக வேண்டும். செய்வித்த நன்மை நம்மைச் சேருமானால் செய்வித்த துன்பமும் நம்மையே சேரும்.

இது புத்தகத்தில் படிக்க எளிது. வழியில்தான் கடினம்.

நாங்கள் நண்பகலுக்குப் பின் புறப்பட்டதால் பெங்களூரைத் தாண்டவே மாலையாகிவிட்டது. கதிரவன் மறையுமுன் சாலையோர மரத்தடியில் வேனை நிறுத்தி, கட்டிக்கொண்டு வந்த உணவை அனைவரும் உண்டோம். ஓட்டுநரையும் அழைத்தோம். "இப்போது பசியில்லை அம்மா. இந்நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டால் வண்டி ஓட்டும்போது கண்ணைக் கட்டும்" என்றார். குணிகல்லைக் கடந்தபின், இரவு எட்டரை மணியளவில், ஓர் உணவு விடுதி முன் வண்டி நின்றது. அவர் உள்ளே சென்று உண்டு வந்தார். நாங்கள் வேனிலேயே அமர்ந்திருந்தோம்.

அப்போது பேரன் கேட்டான். எட்டாம் வகுப்பை முடித்தவன்; விளக்கொளியில் உணவில் விழும் சிற்றுயிர்களுக்காகவே நாம் இரவில் உண்பதில்லை என்று படித்திருக்கிறான். "பாட்டி, நாம் இராத்திரி சாப்பிடவில்லை. ஆனால் நம்மை அழைத்துப் போவதற்காகத்தானே அவர் இராத்திரி சாப்பிடுகிறார்? அப்படியானால் நாம் சாப்பிட வைத்தோம் என்று ஆகாதா?"

"நாம் சொல்லவில்லையே, அவராகத்தானே நிறுத்தினார்" என்றார் நாத்தனார்.

"நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னதே நான்தான்" என்றான் மகன்.

அதன்பின் எவரும் பேசவில்லை. ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்தார்.

பேரனின் கேள்வியைக் குழந்தைக் கேள்வி என்று ஒதுக்கிவிட இயலாது. இல்லறத்தான் ஏறவேண்டிய பதினொரு படிகளுள் ஆறாவதாகிய இரவுண்ணாமையில் நிலைபெற்றவர், தாம் உண்ணாததோடு பிறரை இரவில் உண்பிக்கவும் மாட்டார் என்று ஆன்றோர் விளக்குவர். அந்த நிலையிலிருந்து பார்த்தால் மகன் செய்தது தவறு. மறுபுறம், கொல்லாமை அணுவிரதத்தைக் கெடுக்கும் அதிசாரங்கள் ஐந்தென்று சூத்திரம் வகுத்துள்ளது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மிஞ்சிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில் கொல்லாமைக்கு இலக்கணம் கூறும்போதே செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றையும் சேர்த்துவிட்டு, அடுத்த சுலோகத்திலேயே இந்த ஐந்தையும் வைக்கிறார். அதைத் தழுவி எழுந்த நம் அருங்கலச்செப்பு வழியாக இவை தமிழிலும் வழங்கி வருகின்றன. பொதுவாக இந்த ஐந்தையும் மாட்டுக்கொட்டகையோடு சேர்த்தே நாம் படிக்கிறோம். மாட்டை இறுகக் கட்டாதே, வண்டியில் மிகுதியாக ஏற்றாதே, வைக்கோலை நிறுத்தாதே. இப்போது நம் வீடுகளில் மாடுகள் குறைந்துவிட்டன. ஆனால் யாருடைய உணவு வேளை நம் கையில் இருக்கிறதோ அவர்கள் குறையவில்லை. வாடகை வேனின் ஓட்டுநர் அவர்களுள் ஒருவர். நம் விரதம் கெடுமே என்று அவரை நிறுத்தவிடாமல் பத்து மணி வரை ஓட்டச் செய்திருந்தால் அது ஐந்தாவது அதிசாரம்.

ஆக, உண்பித்தால் ஒரு குற்றம், தடுத்தால் ஒரு குற்றம். இரண்டுக்கும் நடுவே சிக்கியதுபோல் தோன்றும். உண்மையில் சிக்கல் எட்டரை மணியில் இல்லை. புறப்பட்ட நேரத்தில் இருக்கிறது. இரவில் உண்பிக்கவும் கூடாது, பட்டினி போடவும் கூடாது என்றால், இரவில் வண்டியே ஓடலாகாது. பகலில் பயணம் செய்து, பொழுது சாயும்முன் ஓரிடத்தில் தங்கி, ஓட்டுநரும் நம்மோடு உண்டு உறங்கும்படி ஏற்பாடு செய்யலாம். அதற்கு ஒருநாள் வாடகையும் ஓர் இரவுத் தங்கல் செலவும் கூடும். விடுமுறையில் ஒருநாள் குறையும். அந்த விலையைக் கொடுக்க வேண்டியவர் யார் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. விரதம் நம்முடையது, ஓட்டுநர் அதை எந்தக் குருவின் முன்னும் ஏற்கவில்லை. திரும்பும்போது விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். நண்பகலில் ஓட்டுநரும் எங்களோடு இலையில் அமர்ந்தார். பொழுது இருக்கும்போதே ஊர் வந்து சேர்ந்தோம்.

ஓட்டுநர் செய்தி இவ்வளவில் தீர்ந்துவிட்டது. டோலி அவ்வாறு தீரவில்லை.

விந்தியகிரிக்கு 600க்கு மேற்பட்ட படிகள். பாறையிலேயே வெட்டியவை. காலணி அடிவாரத்திலேயே நின்றுவிடும். மே மாதத்தில் காலை ஒன்பது மணிக்குமேல் கல் சுடத் தொடங்கும். ஆதலால் ஆறு மணிக்கே அடிவாரம் சேர்ந்தோம். நாற்காலியில் கழிகளைப் பிணைத்துத் தோளில் தூக்கிச் செல்லும் டோலிக்காரர்கள் முதியவர்களைக் கண்டதும் வந்து கேட்பர். நாத்தனார் டோலியில் ஏறினார். நாம் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, வெயில் ஏறுமுன் மேலே சேர்ந்தோம். நடந்தவர் உயர்ந்தவர், ஏறியவர் தாழ்ந்தவர் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நமக்கு முழங்கால் இன்னும் சற்று வளைகிறது, அவருக்கு வளையவில்லை. வேறுபாடு அவ்வளவே.

மேலே போகும்போது பேத்தி டோலியின் பின்னாலேயே சென்றிருக்கிறாள். பாட்டியைப் பார்க்காமல், முன்னால் சுமந்தவரின் உள்ளங்காலையே பார்த்துக்கொண்டு ஏறியதாகப் பிறகு சொன்னாள். வெடித்து, தோல் தடித்து, கல்லைப்போல் இருந்ததாம். "அவருக்குச் சுடாதா?" என்று கேட்டாள்.

மனிதனை மனிதன் சுமப்பது அதிசாரமா? அளவுக்கு மிஞ்சிய சுமை என்றுதான் சூத்திரம் கூறுகிறது. சுமையே கூடாது என்று கூறவில்லை. நாத்தனாரின் எடை நாற்பத்திரண்டு கிலோ. அதை நால்வர் பகிர்ந்தனர். நெல் மூட்டை சுமப்பவருக்கு இது பெரிதன்று. இது ஒரு வாதம். நாம் ஏறாவிட்டால் அவர்கள் வீட்டில் உலை ஏறாது என்பது இரண்டாவது வாதம். நாத்தனார் சொன்னது இதுவே. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. கருணை என்ற பெயரால் கூலியைப் பறிப்பதும் உணவைத் தடுப்பதன் ஒரு வகைதான். ஆனால் இந்த வாதத்தில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. அவர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்பதற்காகவே நாம் ஏறினோம் என்று சொல்லும்போது, நம் விருப்பம் அவர்களுக்குச் செய்த உதவியாக மாறிவிடுகிறது. நாம் ஏறுவது நமக்காக. அதை நமக்காக என்றே ஒப்புக்கொண்டால் கூலியைப் பேரம் பேசிக் குறைக்க நா எழாது. பாதிவழியில் இறக்கி இளைப்பாறக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டோம். வெயில் ஏறிய பின் ஏறவும் மாட்டோம். அடிவாரத்தில் ஒரு குடும்பத்தார் நீண்ட நேரம் பேரம் பேசுவதைக் கண்டோம். மேலே சென்று அதே தொகையைப்போல் பன்மடங்கை உண்டியலில் இட்டிருப்பர். அவர்கள் நல்லவர்களே. இரண்டும் ஒரே கணக்கில் எழுதப்படும் என்பது அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

பாகுபலியின் வரலாற்றையே இங்கு நினைத்துப் பார்க்கலாம். பரதரும் பாகுபலியும் அண்ணன் தம்பியர். ஆட்சிக்காக இருவர் படைகளும் எதிரெதிரே நின்றன. அப்போது அமைச்சர்கள் கூடி ஒன்று சொன்னார்கள்: பகை உங்கள் இருவருக்கிடையே; மடியப்போவது எங்களைச் சேர்ந்தவர்கள்; ஆகவே நீங்களே பொருதுங்கள். அதன்படி பார்வைப் போர், நீர்ப் போர், மற்போர் என மூன்றும் உடன்பிறந்தார் இருவருக்குள்ளேயே நிகழ்ந்தன. படைவீரன் ஒருவனும் மடியவில்லை. வென்ற பாகுபலி நாட்டைத் துறந்து காட்டில் நின்றார் என்பதையே நாம் போற்றிப் பேசுகிறோம். துறவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. தம் பகையைப் பிறர் உடலால் நடத்துவதை அவர்கள் இருவரும் அன்று கைவிட்டனர். அரசர்கள் விடுவதற்கு அரிய செய்வித்தல் அது. அதன்பின் ஓராண்டு அசையாது நின்ற அவர் காலில் கொடி படர்ந்தது, புற்று வளர்ந்தது. "அவர் எங்கேயுமே போகவில்லையா?" என்று பேத்தி கேட்டாள். அசையாமல் நின்ற ஒருவரைக் காண நாம் இவ்வளவு தொலைவு அசைந்து வந்திருக்கிறோம் என்று அவள் தந்தை சிரித்தான்.

இனி ஒன்றைச் சொல்லவேண்டும். இதை வாசிக்கும் தாய்மார்கள் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

சிரவணபெளகொளாவில் போஜனசாலை உண்டு. சமணர்க்குரிய உணவு, கதிர் மறையுமுன் கிடைக்கும். ஆயினும் நாத்தனார் நோன்புடையவர். தாமோ வீட்டாரோ சமைத்ததன்றி உண்ணார். ஆகவே எங்கள் மருமகள் அடுப்பையும் பாத்திரங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். தங்கியிருந்த நாட்களில் விடியுமுன் எழுந்து நீரைக் காய்ச்சி ஆற்றி வடிகட்டினாள். முந்தைய வேளையில் சமைத்தது மறுவேளைக்கு ஆகாது என்பதால் இரண்டு வேளையும் புதிதாகச் சமைத்தாள். ஆண்டு முழுவதும் வங்கியில் பணிபுரிபவள். விந்தியகிரியின் மேல் நாங்கள் அனைவரும் அமர்ந்து தியானித்தபோது, சுவாமியை ஒருமுறை வலம்வந்து வணங்கிவிட்டு அவள் மட்டும் கீழே இறங்கினாள், அடுப்பு காத்திருந்தது. மறுநாள் சந்திரகிரிக்குச் சென்று பத்திரபாகு முனிவர் தவமிருந்த குகையைக் கண்டோம். அவள் வரவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் அவள் சொன்னாள்: "அத்தை, அடுத்த கோடையில் நீங்கள் எல்லோரும் போய் வாருங்கள். நான் வீட்டில் இருந்துகொள்கிறேன். எனக்கு அதுதான் விடுமுறை." கோபமாகச் சொல்லவில்லை. துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

சமயப் பற்று அடுத்த தலைமுறையில் குறைகிறது என்று நம் கூட்டங்களில் ஆண்டுதோறும் வருந்துகிறோம். பற்று எங்கே தேய்கிறது என்பதை மேடையில் தேடுவதைவிட அடுப்பங்கரையில் தேடினால் விரைவில் தெரியும். ஒரு வீட்டின் தூய்மை முழுவதும் ஒரு பெண்ணின் கையால் நடந்து, அவளுக்குத் தரிசனத்திற்கே நேரமில்லாமல் போனால், அவள் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்? நோன்பு ஏற்கும்போது 'இன்னது உண்ணேன்' என்று சொல்கிறோம். 'இன்னவள் சமைப்பாள்' என்று சொல்வதில்லை. எம் மாமியார் கடும் நோன்புகள் நோற்றவர். நோன்பு நாட்களில் தம் நீரைத் தாமே காய்ச்சி வடிகட்டிக்கொள்வார். நாம் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு வேலையும் ஏவமாட்டார். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை, எவரும் கேட்டதுமில்லை.

மேற்சொன்ன பதினொரு படிகளின் வரிசையும் இதைத்தான் உணர்த்துகிறது. எட்டாம் படியில் தொழிலைத் தொடங்குவதை விடுகிறான். ஒன்பதாம் படியில் உடைமையை விடுகிறான். பத்தாம் படியில் இல்லத்துச் செயல்களுக்கு இசைவு தருவதையும் விடுகிறான். பதினொன்றாம் படியில், இறுதியாக, தனக்கென்று சமைத்த உணவை விடுகிறான். கவனியுங்கள்: செல்வத்தை விட்ட பின்னும், அதிகாரத்தை விட்ட பின்னும், 'எனக்காக' என்பது எஞ்சி நிற்கிறது. அதுவே கடைசியில் விழுகிறது. முனிவர்கள் தமக்கென ஆக்கிய உணவை ஏலார் என்ற விதியை நாம் பெருமையுடன் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அந்தப் படியில் நிற்காத நாம், 'எனக்காக' என்று எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு ஓர் எல்லையாவது வைத்துக்கொள்ளலாம். திசைக்கு எல்லை வகுத்த மரபுக்கு இது புதிதன்று.

கோமடேசுவரர் சன்னிதிக்கு எதிரே ஒரு முதியவளின் சிலை நிற்கிறது. குள்ளகாயஜ்ஜி. சாமுண்டராயர் செய்வித்த முதல் அபிஷேகத்தில் குடங்குடமாகப் பால் வார்த்தும் அது திருமேனி முழுவதும் வழியவில்லை என்றும், ஒரு சிறு காயின் கூட்டில் அந்தக் கிழவி கொண்டுவந்த பால் திருவடி வரை வழிந்தது என்றும் வரலாறு கூறும். அவள் இயக்கியே என்பாரும் உண்டு. சாமுண்டராயரின் செருக்கை அடக்கிய கதையாகவே இதைச் சொல்வது வழக்கம். நாம் அங்கே நின்றபோது வேறொன்றும் தோன்றியது. அவளுடைய பாலை வேறெவரும் சுமந்து வரவில்லை. தன்னால் தூக்க முடிந்த அளவே கொண்டு வந்தாள்.

அடுத்த பயணத்தைப் பற்றி வீட்டில் இப்போதே பேச்சு நடக்கிறது. எது முடிவானாலும் அடுப்பு வேனில் ஏறாது என்று மகன் சொல்லிவிட்டான். நீர் காய்ச்சுவதும் வடிகட்டுவதும் தன் வேலை என்று பேரன் ஏற்றிருக்கிறான். எத்தனை நாள் செய்வான் என்று பார்க்க வேண்டும். மருமகள் வருவதாக இன்னும் சொல்லவில்லை.

நாத்தனாரின் ஆசை கிர்நார். ஆண்டுதோறும் திருமலைக்குச் சென்று, பாறையில் 16 அடி உயரத்திற்கு எழுந்து நிற்கும் சிகாமணிநாதரை வணங்குபவர் அவர். அந்த நேமிநாதர் வீடுபேறடைந்த மலையைக் கண் மூடுமுன் காணவேண்டும் என்கிறார். ஏறத்தாழ 10,000 படிகள். 2020 முதல் அம்பாஜி கோயில் வரை கயிற்று ஊர்தி ஓடுகிறது. அதற்குமேல் படிகளில்தான் செல்லவேண்டும். டோலி உண்டு. ஆளை எடைபோட்டுக் கூலி சொல்வார்களாம். "எனக்கு ஒன்றும் அதிகம் ஆகாது" என்று சிரிக்கிறார்.

நேமிநாதர் ஏன் அந்த மலைக்குச் சென்றார் என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். மணமகனாகத் தேரில் வந்தவர், வழியில் அடைத்து வைத்திருந்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டார். அவர் ஒன்றையும் கட்டவில்லை. கட்டச் சொல்லவுமில்லை. உங்கள் திருமண விருந்துக்காக என்று தேர்ப்பாகன் சொன்ன அந்த ஒரு சொல்லில் தேரைத் திருப்பினார். பேரன் இந்தக் கதையை நாத்தனாரிடமே சொல்லி, "அந்த மலைக்கா நால்வர் தோளில் போவீர்கள்?" என்று கேட்டுவிட்டான். அவர் சினக்கவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு எம் பக்கம் திரும்பி, "நீ பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தவள்தானே, நீயே சொல். நான் போகலாமா, கூடாதா?" என்றார்.

அதிகாலையில் குளிர்காலத்தில் சென்றால் என்ன, கயிற்று ஊர்தி நிற்குமிடத்திலிருந்தே வணங்கி மீண்டால் என்ன, கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுத்து, சுமப்பவர் சொல்லும் இடத்தில் இறங்கிக்கொண்டால் என்ன என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறோம். அவருக்கு வயது எழுபத்தெட்டு. கார்த்திகைக்குள் சொல் என்று கேட்டிருக்கிறார்.